பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மோட்டார்

போன மாதம் ஈப்போவில் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பட்டறைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பணி ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் மாலை போட்டு, தேநீர் கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே ஒரு இளம் ஆசிரியை கைக்கடிகாரம் ஒன்றைக் காட்டினார். அதை மாணவனின் மணிக்கட்டில் கட்டிவிட்டால் போதுமாம். அவன் எந்தத் தெருவில் போகிறான் என்று நம் கைபேசியில் ஒரு புள்ளி காட்டிக்கொண்டே இருக்குமாம். "ஒங்க காலத்துல மாதிரி பஸ் பின்னால மோட்டார்ல ஓடுற கஷ்டம்லாம் எங்களுக்கு இல்ல டீச்சர்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று புள்ளி சொல்லும். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுமா? அங்கேயே எழுந்து கேட்டிருப்பேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சமையலும் தையலும் சொல்லிக்கொடுக்க வேலைக்கு வந்தவள். சிறப்புக் கல்வி வகுப்புக்கு ஆள் போதவில்லை என்று ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே நிறைய ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்தேன். பயிற்சி முடிந்து வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள், ஒரு மாணவன் என் கைப்பையை எடுத்து மீன் தொட்டியில் போட்டான். மனப்பாடம் செய்த பெயர்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

எங்களுடையது இடைநிலைப்பள்ளி. மற்ற மாணவர்கள் தேர்வு எழுதி மேலே போவார்கள். எங்கள் பிள்ளைகள் ரொட்டி சுட, துணி துவைக்க, மேசை துடைக்க, சில்லறை எண்ணக் கற்றுக்கொள்வார்கள். பத்தொன்பது வயதானதும் பள்ளி முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் எங்கள் தொழிலின் தலைவலி. ஈப்போவுக்கு வெளியே செமோரில் அடுக்குமாடி வீடு ஒன்றின் மூன்றாவது மாடியிலிருந்து, கிரில் கதவுக் கம்பிகளுக்கு இடையே கையை விட்டு எனக்கு டாட்டா காட்டும் ஒரு பழைய மாணவன் இருந்தான். எங்கள் வகுப்பிலேயே மிக நன்றாக ரொட்டி சுட்டவன். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வேறு வழி தெரியவில்லை அவர்களுக்கு. ஆனாலும் அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர் புவான் ஹசீமா, மலாய்க்காரர். உயரமில்லை, குரலும் உயராது. நாம் ஒரு திட்டத்தைக் கொண்டுபோனால், பேனாவின் மூடியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்பார். கடைசியில் "லெப்பாஸ் து?" என்பார். மலாயில் பிறகு என்ன என்று அர்த்தம். பதில் சொன்னால் மறுபடியும் அதே கேள்வி. நம்மிடம் பதில் தீரும் இடம் வந்ததும் பேனா மூடியைத் திறப்பார். அந்த இடத்தில்தான் நம் திட்டத்தில் ஓட்டை இருக்கும். அவருடைய அறைக்குப் போகும் முன் நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த நாள்கள் உண்டு. ஒத்திகை ஒரு நாளும் பலித்ததில்லை.

இனி புனிதா. பதினெட்டு வயது. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை. கொஞ்சம்தான் பேசுவாள், பேசுவது தெளிவாக இருக்கும். துணி மடிப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. ஓரம் ஓரத்தோடு சேராவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி மடிப்பாள். அப்பா இல்லை. அம்மா லெட்சுமி செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது இந்த அடுக்குமாடிக்கு வந்தவர். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வீட்டுக்கு வந்து, மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் தூங்குவார்.

ஈப்போவில் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பகுதியில் புனிதாவுக்கு வேலை பேசியிருந்தோம். மேற்பார்வையாளர் அவள் மடித்த போர்வையைப் பார்த்துவிட்டு, பள்ளி முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன், அதுவரை காலையில் வந்து பழகட்டும் என்றார். ஒரே நிபந்தனை, அவளாக வந்து அவளாகப் போக வேண்டும். கொண்டுவந்து விட யாருமில்லை. பள்ளி வேன் பள்ளியோடு முடிந்துவிடும். ஆக, செமோரிலிருந்து ஈப்போவுக்கு பஸ்ஸில் தனியாக வரத் தெரிந்தால் வேலை. தெரியாவிட்டால் கிரில் கதவு. அவள் பள்ளியை விட்டுப் போக ஒரு வருடம்கூட மீதி இல்லை.

பஸ் பயணம் நமக்கு ஒரே வேலை. எங்களுக்கு அது பல துண்டு. நிறுத்தத்தில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நிற்பது ஒரு துண்டு. பஸ்ஸின் எண்ணைப் பார்ப்பது, கையை நீட்டுவது, ஏறுவது, அட்டையைத் தட்டுவது, ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரம் உட்காருவது, அடையாளம் வந்ததும் பெல்லை அழுத்துவது, பஸ் நின்ற பிறகு எழுவது, இறங்கிச் சாலையைக் கடப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக்கி, பிறகு கோக்க வேண்டும். அடுத்தது இன்னும் கஷ்டம். ஆசிரியை கொஞ்சம் கொஞ்சமாக மறைய வேண்டும். முதலில் கையைப் பிடித்துக்கொண்டு போவோம். பிறகு பக்கத்து இருக்கை. பிறகு பின் இருக்கை. பிறகு பஸ்ஸிலேயே இருக்கக் கூடாது, பின்னால் வேறு வண்டியில் தொடர வேண்டும். கடைசியில் அதுவும் இல்லை.

இறங்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாக ஒரு வங்கியின் பெரிய பெயர்ப்பலகையைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் விரலை நீட்டிக் காட்டினேன். பின் இருக்கைக்கு மாறியபோது பெல் அடிக்க நேரமாகும், நான் தொண்டையைச் செருமினால் அடித்துவிடுவாள். பிறகு மோட்டாருக்கு, அதாவது மோட்டார் சைக்கிளுக்கு, மாறினேன். என்னுடையது நீல நிற மோட்டார், முன்னால் இரும்புக் கூடை. சேலையை இழுத்துச் செருகி, மழைச்சட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸின் புகையை முழுங்கியபடி பின்னால் போவேன். அவள் இறங்கும்போது நான் நடைபாதையில் ஒளிந்து நிற்க வேண்டுமே. அதனால் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை முந்திக்கொண்டு போய்விடுவேன்.

மோட்டாருக்கு மாறியதிலிருந்து புனிதா ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் முந்திக்கொண்டு போய் நிறுத்துவேன், பஸ் வரும், அவள் இறங்குவாள், நேரே சலவைப் பகுதிக்கு நடப்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹசீமாவிடம் போய், இனி மோட்டாரும் வேண்டாம், நிறுத்தத்தில் மட்டும் நின்றுகொள்கிறேன் என்றேன். அன்றைக்கும் லெப்பாஸ் து கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பேனா மூடி திறக்கவே இல்லை.

நான் பின்தொடராத முதல் நாள் காலை, மோட்டாரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, எதிர்ச் சாரியில் கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். செமோரில் அவள் ஏறிவிட்டதாக லெட்சுமி போன் செய்துவிட்டார். பஸ் வந்தது. ஒரு சீனப் பாட்டியும் இரண்டு மாணவர்களும் இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது. பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் புனிதாவைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்து, கழுத்தைத் திருப்பி, பஸ்ஸுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு போகிறாள். வங்கி அவளுக்கு முன்னாலேயே இருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை.

ஓடினேன். மோட்டாரைக் கிளப்புவதற்குள் பஸ் சந்திப்பைத் தாண்டிவிட்டது. எனக்குச் சிவப்பு விளக்கு விழுந்தது. அந்த பஸ் கடைசியில் போய் நிற்பது நகரப் பேருந்து நிலையத்தில். அங்கிருந்து தாப்பா, தெலுக் இந்தான் என்று எல்லாப் பக்கமும் பஸ் போகும். நிற்கும் பஸ்ஸில் கதவு திறந்திருந்தால் ஏறி உட்கார அவளுக்கு நான்தான் பழக்கிவிட்டிருக்கிறேன். எண்ணைச் சரியாகப் பார்ப்பாளா? யாராவது கையைப் பிடித்துக் கூப்பிட்டால்? பச்சை விழுந்ததும் நிலையத்துக்கு விட்டேன்.

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் காலியாக நின்றது. ஓட்டுநர் இறங்கி சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை போட்ட பெண்ணா, கடைசி நிறுத்தம் என்று சொல்லி எல்லாரையும் இறக்கிவிட்டேனே என்றார். எந்தப் பக்கம் போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. புறப்படத் தயாராக நின்ற பஸ்களில் ஏறி ஏறி இறங்கினேன். ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தேன். தாப்பா பஸ் நகரத் தொடங்கியபோது முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். அதிலும் அவள் இல்லை. கழிப்பறையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். லெட்சுமிக்கு என்ன சொல்வது?

அவளைப் பார்த்தது நிலையத்துக்குப் பின்பக்கம், மோட்டார்கள் நிறுத்தும் இடத்தில். சந்தைக்கு வந்த ஒரு சீனப் பெரியவர் தன் மோட்டாரில் உட்கார்ந்து இயந்திரத்தைக் கிளப்பியிருந்தார். நீல மோட்டார், முன்னால் இரும்புக் கூடை. கூடையின் விளிம்பைப் புனிதா இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் விடு தங்கச்சி, விடு என்று மலாயில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் மெல்ல நகர்த்தினால் அவளும் நகர்ந்தாள். அப்படியே இரண்டு பேரும் பஸ்கள் திரும்பும் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். ஒரு பஸ் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கத்தினால் புனிதா காதைப் பொத்திக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவாள் என்று சொல்ல முடியாது. கத்தவில்லை. ஓடவும் இல்லை. வகுப்பில் நடப்பதுபோல் நடந்துபோய், அவள் தோளில் கை வைத்து, பெரியவரின் வண்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். பஸ் எங்களைக் கடந்து திரும்பி நின்றது. பெரியவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர் மோட்டாரு வரல" என்றாள் புனிதா. "இது வேற மோட்டாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் வங்கியைக் கற்றுக்கொள்ளவே இல்லை. தெருவையும் கற்றுக்கொள்ளவில்லை. நான் முந்திக்கொண்டு போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு நீல மோட்டார் கடக்கும். அதைக் கண்டதும் பெல்லை அழுத்துவாள். நான் ஒளிந்து ஒளிந்து போனதாக நினைத்த அத்தனை நாளும், அவள் என்னை எதிர்பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இப்படி நடக்கும். பிள்ளைக்கு வழி காட்டுவதாக நினைத்து நாமே வழியாகிவிடுவோம்.

அன்று சாயங்காலம் ஹசீமாவும் நானும் லெட்சுமியின் வீட்டுக்குப் போனோம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். லெட்சுமி அழவில்லை. வேலைக்குக் கிளம்பத் தலையை வாரிக்கொண்டே கேட்டார். வாரி முடித்து, சீப்பை அலமாரி மேல் வைத்தார்.

"போதும் டீச்சர். தோட்டத்துல இருந்தப்ப இவ எங்க போனாலும் யாராச்சும் கையப் புடிச்சுக் கூட்டியாந்து விட்டுருவாங்க. இங்க பக்கத்து வீட்டுக்காரன் பேரே எனக்குத் தெரியாது. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் புள்ள வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவது மாடியில் கம்பிக்கு வெளியே நீண்ட கையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். ஹசீமா என் முழங்கையைத் தொட்டார். பிளாஸ்டிக் நாற்காலியை லெட்சுமிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரி, புனிதா வீட்டில் இருப்பாள், லெப்பாஸ் து என்றார். கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன் என்றார் லெட்சுமி. லெப்பாஸ் து. காலையில் வந்து திறப்பேன், சோறாக்குவேன், தூங்குவேன். லெப்பாஸ் து. மறுபடி வேலைக்குப் போவேன். ஹசீமா அதட்டவில்லை, குரலில் குத்தலும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல் கேட்டுக்கொண்டே போனார். எனக்கு அவரை நிறுத்தச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதுவரை மலாயில் பதில் சொல்லிக்கொண்டிருந்த லெட்சுமி தமிழுக்கு மாறினார்.

"எனக்கப்புறம் இவளுக்கு யாரு இருக்கா? அதத்தானே கேக்குறீங்க?"

ஹசீமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அதற்குமேல் அவர் கேட்கவில்லை. உள்ளே புனிதா அம்மாவின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். லெட்சுமி அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் ஒரு தடவை முயன்று பாருங்கள், மறுபடியும் பிள்ளை காணாமல் போனால் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்ப மாட்டேன் என்றார். சொன்னால் சொன்னபடி செய்பவர் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஹசீமா எனக்கு இரண்டு கட்டளை போட்டார். ஒன்று, அந்த நீல மோட்டார் இனிப் பள்ளிப் பக்கமும் வரக் கூடாது, பஸ் போகும் தெருவிலும் வரக் கூடாது. இரண்டு, புனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும், ஆனால் வாயைத் திறக்கவும் விரலை நீட்டவும் கூடாது. என் வாயைப் பற்றி அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. அந்த வயதில் தினமும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போனேன். மோட்டாரை என் கணவர் எடுத்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம்.

வாய் திறக்காமல் உட்கார்ந்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். முன்பு நான் காட்டிக்கொண்டே இருந்தேன், அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மோட்டாரில் போனபோது அவள் முகம் எனக்குத் தெரியவே வழியில்லை. இப்போது பார்த்தால், நகருக்குள் நுழைந்ததும் பஸ் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் போகும். உள்ளே சட்டென்று இருட்டும். அந்த இருட்டுக்குப் புனிதா கண்களை இறுக்கி மூடிக்கொள்வாள். வெளிச்சம் வந்ததும் திறந்து, தப்பித்துவிட்டவள்போல் சிரிப்பாள். தினமும் இதுதான். பாலத்தைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் அவளுடையது. வங்கியின் பெயர்ப்பலகையை நாளைக்கே கழற்றி மாற்றலாம். ரயில் பாலத்தை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்?

கண்ணைத் திற, பெல்லை அடி. அவ்வளவுதான் புதிய பாடம். அவள் மூன்றாவது நாளே பிடித்துக்கொண்டாள். ஆனால் யாரைப் பார்த்து அடிக்கிறாள் என்ற சந்தேகம் இப்போது என்னை விடவில்லை. நான் பக்கத்திலிருந்து பின்னால் போனேன், பின்னாலிருந்து இறங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவளுக்குத் தெரியாத ஒருவர்தான் அந்த பஸ்ஸில் போக வேண்டும் என்றார் ஹசீமா. தன் சொந்த அக்காவையே சந்தைக் கூடையோடு ஏற்றிவிட்டார். அந்த அம்மாள் தினமும் போன் செய்து, இன்றைக்கும் அடித்தாள் என்று மட்டும் சொல்வார். நான் ஒவ்வொரு நாளும் அந்த போனுக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் அக்காவும் போகாத நாள் வந்தது. பஸ்ஸில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. நான் அதே தூணருகே நின்றேன். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். பார்த்தால் லெட்சுமி. மகளை ஏற்றிவிட்டு, வேறொரு வண்டியில் தொற்றிக்கொண்டு பஸ்ஸை முந்தி வந்திருக்கிறார். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. தூக்கமில்லாத கண்கள் சிவந்து கிடந்தன. இப்படி நிற்கக் கூடாது, அவள் பார்த்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று அவரைத் தூணுக்குப் பின்னால் தள்ளினேன். அவர் முகத்தைத் தூணோடு அழுத்திக்கொண்டார். பஸ் வந்தால் சொல்லுங்கள், என்னால் பார்க்க முடியாது என்றார்.

பஸ் வந்தது. ஒரு ஆள் இறங்கினார். வேறு யாரும் எழுந்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் வெயில் அடித்து உள்ளே ஒன்றும் புலப்படவில்லை. கதவு மூடப் பார்த்தது. லெட்சுமியின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. பிறகு கதவு நின்று, மறுபடி திறந்தது. பஸ் முழுவதாக நின்ற பிறகுதான் எழ வேண்டும் என்று நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன். புனிதா படியில் இறங்கி நின்றாள்.

சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஒளிய எனக்கு நேரமில்லை. தூணுக்குப் பின்னால் இருந்த இடத்தை அவள் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள், இன்றைக்கு எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவள் என் முன்னால் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு வேல இருக்கு டீச்சர். வாரேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். இத்தனை வருடம் யார் யாரோ மேடையில் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அவற்றில் எதுவும் இந்த அளவுக்கு என்னைத் தொட்டதில்லை. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. நெஞ்சில் வலித்தது. என் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சலவைப் பகுதியின் பின்கதவு வரை அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவைத் தள்ளினாள், உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது.

லெட்சுமி இன்னும் தூணிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "திரும்பிப் பாத்தாளா டீச்சர்?" என்று கேட்டார்.

"இல்ல புனிதாம்மா. ஒரு தடவகூட பாக்கல."

அவர் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம்.